பெரிய பிக்கப் வண்டியைப் பரிசீலித்து வாங்கும் முறை
அமெரிக்க விவசாயிகளின் சுமை மோட்டார் ஒன்றின் உள்ளும் புறமும்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் குடியானவர், கழுத்து மணியையும் கொம்பில் பூசிய வர்ணத்தையும் கண்டு விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுக் குளம்பு மண்ணில் பதியும் விதத்தைக் கவனிக்கிறார், கூடுமானால் வண்டியில் பூட்டிப் பார்த்த பிறகே துண்டுக்குள் கையை விடுகிறார். ஆயினும் அதே குடியானவர் மோட்டார் வண்டி வாங்கப் போகும்பொழுது, மெத்தையின் மிருதுவையும் முகப்பின் பளபளப்பையும் கண்டு மயங்கிவிடுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாயிகளும் இதற்கு விலக்கல்லர்.

அந்நாட்டில் பண்ணை வைத்திருப்போர் பெரும்பாலும் 'பிக்கப்' என்னும் திறந்த தொட்டி வண்டியையே தம் முதல் வாகனமாகக் கொள்கின்றனர். வித்தும் உரமும் ஏற்றுவது, கால்நடை டிரெய்லரை இழுப்பது, வேலி போடும் சாமான்களைச் சுமப்பது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்வது ஆகிய யாவும் இவ்வொரு வண்டியாலேயே நடைபெறுகின்றன. இதன் விலையோ பண்ணைக் கணக்கில் பெரும் செலவாகும். ஆகையால் இதனை எவ்வாறு பரிசீலிக்க வேண்டும் என்பதை ஒரு குறிப்பிட்ட வண்டியை உதாரணமாகக் கொண்டு விளக்குவது, எவ்விதச் சுமை வண்டியை வாங்கக் கருதுவோருக்கும் பிரயோஜனமாயிருக்கும்.

வண்டி வளர்ந்த வரலாறு

மோட்டார் வண்டி புழக்கத்திற்கு வந்த ஆரம்ப காலத்தில் அமெரிக்கக் குடியானவர்கள் தங்கள் காரின் பின்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, அவ்விடத்தில் மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திச் சுமை ஏற்றி வந்தார்கள். இவ்வழக்கத்தைக் கண்ட ஃபோர்டு கம்பெனியார் 1925-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், தங்கள் 'மாடல் டி' காரிலேயே தொட்டி பொருத்தி 281 டாலர் விலைக்கு விற்க முன்வந்தனர். பின்னர் 1948-ஆம் வருஷத்து மாதிரியாக 'எஃப்' வரிசை வண்டிகள் தோன்றின. அவ்வரிசையைச் சேர்ந்த 'எஃப்-150' 1975-ஆம் வருஷத்து மாதிரியாக வெளிவந்தது. 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப் என்னும் பெயர் எஃப் வரிசைக்கே உரியதாக இருந்து வருகிறது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் பெரிய பிக்கப்புக்கு இத்துணைச் செல்வாக்கு ஏற்பட்டதற்குக் கோழியும் ஒரு காரணம் என்றால் விவசாயிகள் வியப்படைவர். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவில் மலிவாகக் குவியவே, ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அதன்மீது வரியை உயர்த்தின. அதற்குப் பதிலாக ஜனாதிபதி ஜான்ஸன் 1963 டிஸம்பரில் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு லாரி ஆகிய நான்கின்மீதும் நூற்றுக்கு 25 வீதம் இறக்குமதி வரி விதித்தார். இவ்வரி 1964-ல் அமலுக்கு வந்தது. மற்றப் பொருள்களின் வரி பிற்காலத்தில் தளர்ந்தபோதிலும், லாரி வரி பல பத்தாண்டுகள் நிலைபெற்றது. 'கோழி வரி' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. அயல்நாட்டில் செய்த பிக்கப்புகள் இவ்வாறு விலையேறித் தடைப்பட, உள்நாட்டுக் கம்பெனிகளின் பெரிய வண்டிகள் போட்டியின்றி வளர்ந்தன.

வளர்ச்சி பெரும்பாலும் உள்ளறையிலேயே நிகழ்ந்தது. ஆதியில் ஒரே பெஞ்சு ஆசனமும் இரண்டு கதவுகளும் இருந்தன. 1957-ல் இண்டர்நேஷனல் கம்பெனியார் இரண்டு வரிசை ஆசனங்களுடன் ஒரு வண்டியைக் கொணர்ந்தனர். ஃபோர்டு கம்பெனியார் 1974-ல் ஆசனத்திற்குப் பின்புறம் சிறிது இடம் நீட்டிய அறையையும், 2001-ஆம் வருஷத்து மாதிரியில் எஃப்-150 வண்டிக்கு நான்கு முழுக் கதவுகளுள்ள 'சூப்பர்க்ரூ' அறையையும் சேர்த்தனர். பாரம் சுமக்கப் பிறந்த வண்டி இவ்விதம் குடும்ப வண்டியாயிற்று. இதனால் விளைந்த சௌகரியங்கள் பல. விளைந்த மயக்கம் ஒன்று. அம்மயக்கத்தைப் பின்னர் காண்போம்.

பரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட வண்டி

2021-ஆம் வருஷத்து மாதிரியான ஃபோர்டு எஃப்-150 இங்கு உதாரணமாகக் கொள்ளப்படுகிறது. இதன் சாசி கடினமான எஃகாலும், மேற்கூடும் தொட்டியும் அலுமினியக் கலப்பு உலோகத்தாலும் ஆனவை. 2015-ஆம் வருஷத்து மாதிரியில் இவ்வுலோகத்துக்கு மாறியபோது வண்டியின் எடை 700 ராத்தல் வரை குறைந்தது. ராத்தல் ஒன்று ஏறக்குறைய 454 கிராம் என்று கொள்க. அலுமினியம் எஃகைப் போல் செந்துரு ஏறி உதிர்வதில்லை. ஆனால் எஃகு ஆணியோ பட்டையோ அதனுடன் நேரே தொட்டு, உப்பீரமும் சேர்ந்தால் அவ்விடத்தில் அரிப்பு உண்டாகும். நசுங்கினால் நிமிர்த்துவதற்குத் தனிக் கருவிகளும் பழகிய கைகளும் வேண்டும். அருகிலுள்ள பட்டறைக்காரருக்கு அவ்வேலை தெரியுமா என்று முன்னதாக விசாரிப்பது நலம்.

நான்கு கதவுகளும் ஐந்தரை அடித் தொட்டியும் உள்ள வண்டியின் நீளம் 231.7 அங்குலம், அதாவது 19 அடிக்குச் சற்று மேல். கண்ணாடிகள் நீங்கலாக அகலம் 79.9 அங்குலம். வண்டி நிறுத்தும் கொட்டகையின் வாயிலையும், வயலுக்குப் போகும் பாதையின் திருப்பங்களையும் இவ்வளவுகளோடு ஒத்துப் பார்த்த பின்னரே மேற்கொண்டு யோசிக்க வேண்டும். கொட்டகையை இடித்துக் கட்டும் செலவும் வண்டியின் விலையைச் சேர்ந்ததே.

தொட்டி

தொட்டி ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என மூன்று நீளங்களில் கிடைத்தது. கொள்ளளவு முறையே 52.8, 62.3, 77.4 கன அடி. சக்கரக் கூண்டுகளுக்கு இடையே அகலம் 50.6 அங்குலம் இருப்பதால், நான்கடி அகலமுள்ள பலகை தரையில் படிந்து கிடக்கும். எட்டடி நீளமும் இருந்தால் பின்கதவை மூடிக்கொண்டே அதனை ஏற்றிச் செல்லலாம். குறுகிய தொட்டியை வாங்கியவர் கதவைத் திறந்துவிட்டுப் பலகையைக் கயிற்றால் கட்டவேண்டிவரும். அறை பெரிதானால் தொட்டி சிறிதாகிறது. இரண்டும் பெரிதானால் வண்டி திரும்ப இடம் போதாது. ஆகவே வருஷம் முழுவதும் ஏற்றும் சுமை எது என்பதைக் கணக்கிட்டே நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

பின்கதவைத் தாழ்த்தினால் அதன் உட்புறத்தைத் தச்சு மேஜையாக உபயோகிக்கலாம். அதில் அளவுகோல் பொறித்து, பலகையை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகளுக்குக் குழியும் வைத்திருக்கிறார்கள். வயல் நடுவே வேலிக் கழியை அறுப்பவருக்கு இது உண்மையான உதவியே.

உள்ளறை

உள்ளறையைப் பரிசீலிப்போர் முதலில் கதவைத் திறந்து ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு தடவையல்ல, பத்துத் தடவை. வேலை நாளில் குடியானவர் வாயில் தோறும் இறங்கி ஏறுகிறார். வீட்டிலுள்ள முதியோரையும் உடன் அழைத்துச் சென்று ஏறச் சொல்லல் வேண்டும். அவர்கள் முழங்கால் மறுத்தால், படிப்பலகை பொருத்திய வண்டியே தகும்.

இரண்டாவதாக, தரையையும் ஆசனத் துணியையும் கவனிக்க வேண்டும். மலிவான 'எக்ஸ்.எல்.' தரத்தில் தரைக்கு ரப்பர் போன்ற விரிப்பும், ஆசனத்திற்குத் துடைத்தெடுக்கத்தக்க வினைல் உறையும் கிடைத்தன. சேறும் சாணமும் படிந்த காலணியுடன் ஏறுவோருக்கு இவை கம்பளத்தைக் காட்டிலும் உத்தமம். உயர்ந்த தரங்களில் ஒன்று 'கிங் ராஞ்ச்' எனப் பெயர் பெற்றுத் தோல் ஆசனங்களுடன் வந்தது. அப்பெயருக்குரிய பண்ணை டெக்ஸஸ் மாகாணத்தில் 1853-ல் நிறுவப்பட்டு, 825,000 ஏக்கர் பரந்து கிடப்பது. அங்கே ஷார்ட்ஹார்ன் இனத்தையும் பிராமன் இனத்தையும் கலந்து உண்டாக்கிய 'ஸாண்டா கெர்ட்ரூடிஸ்' மாட்டினத்தை அமெரிக்க விவசாய இலாகா 1940-ல் அங்கீகரித்தது. பிராமன் இனமோ நம் நாட்டிலிருந்து சென்ற ஒங்கோல், கிர் முதலிய திமில் மாடுகளின் சந்ததி. ஆயினும் பெயரின் பெருமை ஒன்று; மெத்தையின் உழைப்பு வேறு. உழவு நாளில் தோல் ஆசனம் வெயிலில் கொதிக்கும். கறை பட்டால் மனமும் வருந்தும்.

மூன்றாவது, பின் ஆசனம். நான்கு கதவுள்ள அறையில் பின்வரிசையில் கால் நீட்ட 43.6 அங்குலம் இடமுண்டு. நெட்டையான மூவர் இடிபடாமல் அமரலாம். ஆசனத்தின் அடிப்பலகையைத் தூக்கிவிட்டால் தரை சமமாகி, மழையில் நனையக்கூடாத விதை மூட்டைகளை உள்ளே அடுக்கலாம். ஆசனத்தின் கீழே பூட்டி வைக்கத்தக்க பெட்டி பொருத்திய வண்டிகளும் உண்டு. கருவிகளையும் கணக்குப் புத்தகங்களையும் அதில் வைக்கலாம். ஆனால் பூச்சி மருந்தையும், மருந்து கலந்த விதையையும் எக்காரணம் கொண்டும் உள்ளறையில் ஏற்றலாகாது. மூடிய அறையில் அவற்றின் ஆவி சுவாசத்தில் கலக்கும்; சிந்தியது துணியில் ஊறி, நாளை குழந்தை அமரும் இடத்தில் இருக்கும். அவை தொட்டியில், சரியாதபடி கட்டி, பூட்டிய பெட்டியில் செல்ல வேண்டியவை.

நான்காவது, ஓட்டுவோர் கைக்கு எட்டும் விசைகள். இவ்வண்டியில் மலிவுத் தரத்தில் 8 அங்குலமும், உயர்ந்த தரங்களில் 12 அங்குலமும் உள்ள தொடுதிரை இருந்தது. சத்தத்தைக் கூட்டவும் குளிர்காற்றை மாற்றவும் திருகு குமிழ்களையும் பொத்தான்களையும் தனியே வைத்திருந்தது பாராட்டத்தக்கது. கையுறை அணிந்த கையும், மண் ஒட்டிய விரலும், குலுங்கும் பாதையும் தொடுதிரைக்கு ஒவ்வா. எந்த வண்டியிலும் பார்வையைப் பாதையிலிருந்து எடுக்காமலே எத்தனை விசைகளைத் தொட்டறிய முடிகிறது என்பதைச் சோதிப்பதே சரியான பரீட்சை.

ஐந்தாவது, அறையையே அலுவலகமாக்கும் ஏற்பாடு. கியர்க் கம்பை ஒரு பொத்தானால் கீழே மடக்கிவிட்டு, நடுப்பெட்டியின் மூடியை முன்புறம் விரித்தால் எழுதுமேஜை அமைகிறது. அதில் மடிக் கணிப்பொறியையோ, பண்ணைப் பேரேட்டையோ வைத்து எழுதலாம். வண்டி நின்றிருக்கும்பொழுது மட்டுமே. உயர்ந்த தரங்களில் முன் ஆசனம் ஏறக்குறையப் படுக்கையாகச் சாயும்படி செய்திருந்தார்கள். அறுவடைக் காலத்தில் தானியக் கொட்டில் வாசலில் முறைக்காகக் காத்திருப்போருக்கு இது ஓய்வளிக்கும். எனினும் அதற்காகவே பல ஆயிரம் டாலர் அதிகம் கொடுப்பது தகுமா என்பதை அவரவர் நிதானித்துக் கொள்க. அடித்தரத்துக்கும் உச்சத்தரத்துக்கும் இடையே விலை இரு மடங்குக்கு மேல் வேறுபட்டது.

வண்டியிலிருந்து மின்சாரம்

இவ்வண்டியின் மின்சாரக் கலப்பு எஞ்ஜின் 430 குதிரைச் சக்தி உடையது. அதனுடன் 2.4 கிலோவாட் மின்சாரம் தரும் ஏற்பாடு சாதாரணமாகவும், 7.2 கிலோவாட் தரும் ஏற்பாடு அதிக விலைக்கும் கிடைத்தன. தொட்டியின் பக்கச் சுவரிலுள்ள துளைகளில் 120 வோல்ட்டும், 240 வோல்ட்டும் பெறலாம். டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தால் முழு அளவில் 32 மணி நேரம் வரை மின்சாரம் எடுக்கலாம் என்று கம்பெனியார் கூறினர். 2021 பிப்ரவரியில் டெக்ஸஸ் மாகாணத்தில் கடும் பனிப்புயலால் மின்சாரம் அற்றுப்போனபோது, இவ்வித வண்டிகளை ஜனங்களுக்கு இரவல் கொடுக்கும்படி கம்பெனியார் தங்கள் விற்பனையாளரைக் கேட்டுக்கொண்டனர். வெறும் ஆடம்பரம் என்று எண்ணப்பட்ட ஓர் அம்சம் குளிரில் நடுங்கிய வீடுகளுக்கு உதவியாயிற்று.

இருப்பினும் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தைப்போல் ஐந்தாறு மடங்கு, அது கிளம்பும் கணத்தில் இழுக்கும். 7.2 கிலோவாட் என்றவுடன் ஐந்து குதிரைச் சக்திப் பம்பு தடையின்றிக் கிளம்பும் என்று நினைத்தல் தவறு. மற்றொன்று, மின்சாரம் எடுக்கும்பொழுது எஞ்ஜின் தானே ஓடத் தொடங்கும். கதவடைத்த கொட்டகையில் அதன் புகை உயிரைப் போக்கும். வெட்டவெளியிலன்றி அதனை இயக்கலாகாது.

உண்மையான பார அளவு

இதுவே இக்கட்டுரையின் முக்கிய விஷயம். விளம்பரங்களில் இவ்வண்டி 14,000 ராத்தல் வரை இழுக்கும் என்றும், 3,325 ராத்தல் வரை சுமக்கும் என்றும் அச்சிடப்பட்டது. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் ஒரே வண்டிக்கு ஒரே சமயத்தில் உரியவையுமல்ல. குறிப்பிட்ட எஞ்ஜின், குறிப்பிட்ட அச்சு, குறிப்பிட்ட அறை, குறிப்பிட்ட தொட்டி ஆகியவை சேர்ந்தால் மட்டுமே அவ்வுச்ச அளவுகள் கிட்டும். வாங்குவோர் கொல்லையில் வந்து நிற்கும் வண்டியின் அளவு வேறு.

அவ்வளவை அறிவது எளிது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டிய தாள் ஒன்று காணப்படும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை ராத்தலுக்கு மேற்படக்கூடாது என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்கச் சட்டப்படி ஒவ்வொரு வண்டிக்கும் இத்தாள் உண்டு. அந்த எண் அந்த ஒரு வண்டிக்கே உரியது. கூரைக் கண்ணாடி, மின்விசை ஆசனம், பெரிய சக்கரம், கலப்பு எஞ்ஜினின் பாட்டரி எனச் சேரும் ஒவ்வொன்றின் எடையும் அந்த எண்ணிலிருந்து கழிந்துவிடுகிறது. மயக்கம் என்று மேலே கூறியது இதுவே: உள்ளறையின் அலங்காரம் யாவும் சுமையே. மிக உயர்ந்த விலை கொடுத்தவரின் வண்டி, அடித்தர வண்டியைவிடக் குறைவாகச் சுமப்பது இதனாலேயாம். வாங்கிய பின் உரிமையாளர் தாமே பொருத்தும் மூடி, கருவிப் பெட்டி முதலியன தாளில் கழிக்கப்பட்டிரா; அவற்றையும் அவரே கழித்துக்கொள்ள வேண்டும்.

டிரெய்லர் இழுப்போர் மற்றொன்றும் அறிய வேண்டும். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்தவருக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிக் கழுத்தை இறுக்கும். டிரெய்லருக்கும் அவ்வாறே முன்பாரம் வேண்டும். அதன் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இழுவைக் கொக்கியின்மேல் அமர வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் பாம்பைப்போல் நெளிந்து வண்டியையே புரட்டிவிடும். அம்முன்பாரம் வண்டி சுமக்கும் பாரமே. கதவு நிலைத் தாளின் கணக்கிலேயே சேரும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். தாளில் 1,600 ராத்தல் என்று அச்சிட்ட ஒரு வண்டியைக் கொள்வோம்.

தகப்பனார், தாயார், பிள்ளைகள் இருவர்: 650 ராத்தல்.
தொட்டியிலுள்ள கருவிகள்: 150 ராத்தல்.
கால்நடை டிரெய்லர் வெறுமையாக: 4,000 ராத்தல்.
1,200 ராத்தல் எடையுள்ள மாடுகள் ஆறு: 7,200 ராத்தல்.
டிரெய்லரின் மொத்த எடை: 11,200 ராத்தல்.
நூற்றுக்கு 10 வீதம் முன்பாரம்: 1,120 ராத்தல்.
வண்டி சுமக்கும் மொத்தப் பாரம்: 650, 150, 1,120 சேர்ந்து 1,920 ராத்தல்.

விளம்பரத்தின்படி 11,200 ராத்தல் இழுப்பது இவ்வண்டிக்குப் பெரிதன்று. ஆனால் தாளின்படி 320 ராத்தல் மிகுதி. நான்கு மாடுகள் மட்டும் ஏற்றினால் டிரெய்லர் 8,800 ராத்தல், முன்பாரம் 880. குடும்பத்தோடு சென்றால் அப்பொழுதும் 80 ராத்தல் மிகும். 200 ராத்தல் எடையுள்ள தகப்பனார் மட்டும் ஓட்டிச் சென்று, முன்பாரம் நூற்றுக்கு 12 வீதம், அதாவது 1,056 ராத்தல் வைத்தாலும், மொத்தம் 1,406 ஆகி அளவுக்குள் அடங்கும். ஆகவே சந்தை நாளில் மாடு நான்கும் ஓட்டுபவர் ஒருவருமே இவ்வண்டியின் உண்மையான சக்தி. கொக்கிக் கருவியின் எடையும் இதில் சேரவேண்டியதே. கணக்கு எளிதாகும்பொருட்டு விடப்பட்டது. மேலும் 5,000 ராத்தலுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு, பாரத்தை முன்னச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் தனிக் கொக்கி பொருத்த வேண்டும் என்பது கம்பெனியாரின் நிபந்தனை.

அளவை மீறினால் உடனே தீங்கு தோன்றாது. அதுவே இதன் அபாயம். சமதரையில் வண்டி சுகமாகவே ஓடும். இறக்கத்தில் பிரேக்கு சூடேறிய பின்னரோ, கோடை வெயிலில் டயர் வெடித்த பின்னரோதான் உண்மை தெரியும். அப்பொழுது உள்ளே குடும்பம் அமர்ந்திருக்கும். 2021-ல் இக்கம்பெனியார் தொட்டியிலுள்ள பாரத்தைத் திரையில் ஏறக்குறைய காட்டும் தராசு ஏற்பாடொன்றையும் அறிவித்தனர். அத்தகைய ஏற்பாடு இல்லாதோர் தானியக் கொட்டிலின் எடை மேடையில் வண்டியை ஒருமுறை ஏற்றி நிறுத்துவது போதும்.

பார்வையும் குழந்தைகளின் பாதுகாப்பும்

பண்ணை வீட்டு முற்றமே குழந்தைகளின் விளையாட்டிடம். பெரிய பிக்கப்புகளின் முகப்பு உயர்ந்தது. அதன் மறைவில் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தென்படாது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தார் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் மோதினால் நடந்து செல்வோர் உயிரிழக்கும் அபாயம், 30 அங்குலமும் அதற்குக் குறைவுமாகச் சரிந்த முகப்புள்ளவற்றைவிட நூற்றுக்கு 45 வீதம் அதிகம். வாங்குமுன் ஒருவர் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்துகொள்ள, மற்றொருவர் குழந்தையின் உயரமுள்ள ஒரு கழியை முகப்பின் எதிரே நட்டு, எத்தனை அடி தள்ளி வைத்தால் கழி தெரிகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பின்புறத்திற்குக் காமிரா உண்டு. தந்தையே பின்னோக்கி ஓட்டிய வாகனத்தில் சிக்கி இரண்டு வயதுக் குழந்தை 2002-ல் மாண்ட துயரத்தின் பயனாக 2008-ல் சட்டம் பிறந்து, 2018 மே மாதம் முதல் அந்நாட்டின் புது இலகு வாகனங்கள் யாவற்றுக்கும் பின் காமிரா கட்டாயமாயிற்று. ஆனால் சேறு படிந்த காமிரா குருட்டுக் கண்ணே. ஏறுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வருவதைக் காட்டிலும் உயர்ந்த பாதுகாப்பு இல்லை.

மோதல் சோதனைச் சான்றையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். 2015-ஆம் வருஷத்து எஃப்-150 வண்டியில் நான்கு கதவுள்ள அறைக்கு முன்மூலை மோதல் சோதனையில் மேற்படி ஸ்தாபனத்தார் 'நன்று' என்றும், நீட்டிய அறைக்கு அதனினும் இரண்டு படி தாழ்ந்த மதிப்பும் கொடுத்தனர். முன்னதில் இருந்த பாதுகாப்புக் கம்பிகள் பின்னதில் இல்லை. அடுத்த வருஷத்து வண்டியிலேயே அவை சேர்க்கப்பட்டன. ஒரே பெயரும் ஒரே முகமும் உள்ள இரு வண்டிகள் ஒரே பாதுகாப்புடையவை அல்ல என்பது இதனால் விளங்கும்.

மற்றக் கம்பெனிகளின் வண்டிகள்

ராம் கம்பெனியார் பின்னச்சுக்குப் பட்டை வில்லுக்குப் பதில் சுருள் வில் வைப்பதால் வெறும் வண்டி குலுக்கமின்றி ஓடுகிறது. தொட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் பூட்டும் பெட்டிகள் அமைத்த வண்டியும் அவர்களிடம் உண்டு. ஷெவ்ரலே கம்பெனியார் எஃகுத் தொட்டியை விடாது, பின் பம்பரின் மூலைகளில் கால் வைத்து ஏறப் படி அமைத்தனர். எளிய ஏற்பாடாயினும் முதியோருக்கு உதவுவது. டொயோட்டா கம்பெனியார் 2022-ஆம் வருஷத்து 'டண்ட்ரா'வில் துருப்பிடிக்காத கலப்புப் பொருளால் தொட்டி செய்தனர். எதுவாயினும் கதவு நிலைத் தாளைப் படித்தே ஒப்பிட வேண்டும்.

நம் நாட்டார் கவனிக்க வேண்டியது

இடப்புறம் ஓட்டும் இப்பெரிய வண்டிகள் நம் கிராமப் பாதைகளுக்கு ஏற்றவையல்ல. ஆயினும் இப்பரிசீலனை முறை இங்குள்ள சிறு சுமை வண்டிகளுக்கும் பொருந்தும். பதிவுச் சான்றில் வெறும் வண்டியின் எடையும், பாரத்துடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும்; இரண்டின் வித்தியாசமே ஆளும் சரக்கும் சேர்ந்து ஏற்றத்தக்க அளவு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அளவு மீறிய பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. கிராம அதிகாரிகள் இதனை வண்டி வைத்திருப்போருக்கு எடுத்துரைப்பது நலம்.

சுருக்கம்

1. கொட்டகையையும் பாதையையும் முதலில் அளக்க. வண்டியைப் பிறகு பார்க்க.
2. வருஷம் முழுவதும் ஏற்றும் சுமைக்குத் தக்க தொட்டி நீளத்தைத் தேர்க.
3. பத்துத் தடவை ஏறி இறங்கிப் பார்க்க; முதியோரையும் ஏறச் செய்க.
4. துடைக்கத்தக்க தரையும், விரலுக்குத் தட்டுப்படும் விசைகளும் உள்ளனவா என நோக்குக.
5. விளம்பர எண்ணை நம்பாது, கதவு நிலைத் தாளைப் படித்து, ஆள், கருவி, முன்பாரம் மூன்றையும் கழித்துக் கணக்கிடுக.
6. முகப்பின் எதிரே கழி நட்டுப் பார்வையைச் சோதிக்க.
7. பூச்சி மருந்தை உள்ளறையில் ஏற்றற்க; கொட்டகைக்குள் எஞ்ஜினை ஓட்டற்க.

இவ்வேழையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லும் குடியானவர் மெத்தையைக் கண்டு மயங்கமாட்டார். மெத்தையில் அமரலாம், அமர்ந்து அதன் சுகத்தையும் சொல்லலாம். ஆனால் தாளைப் படித்து முடிக்குமுன் விலை பேச வேண்டியதில்லை.